உள்பக்கம்தானே, சார்

அண்ணியை நினைத்தால் படப்பை பஜாரில் ஒரு பர்னிச்சர் கடையில் அவள் பீரோவைத் தடவிக்கொண்டு நின்றதுதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த புதிது. அம்மா, அண்ணி, நான் மூன்று பேரும் பீரோ வாங்கப் போயிருந்தோம். கடைக்காரர் பூட்டு, கண்ணாடி, லாக்கர் என்று ஒவ்வொன்றாகத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். அண்ணி எதையும் காதில் வாங்கவில்லை. விரல்களைச் சேர்த்து, உள்ளங்கையைக் கதவின் உச்சியிலிருந்து கீழே மெதுவாக இழுத்துக்கொண்டு வந்தாள். பாதியில் கை நின்றது. “இங்க ஒரு பள்ளம் கீது” என்றாள். கடைக்காரர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார். ஒன்றுமில்லையேம்மா என்று அடித்துச் சொன்னார். பீரோவை வாசலுக்கு இழுத்துவந்து வெயிலில் நிறுத்தியதும்தான் அவருக்கும் தெரிந்தது, கட்டைவிரல் பட்ட அளவுக்கு ஒரு குழி. அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. வீடு வரும்வரைக்கும் பார்த்தவர்களிடமெல்லாம் மருமகள் கையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள்.

ஒரகடத்தில் காருக்குக் கதவும் பானெட்டும் செய்யும் ஒரு கம்பெனியில் அண்ணிக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. மெல்லிய பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு, லைனில் வரும் தகடுகளை நின்றபடியே தடவிப் பார்க்க வேண்டும். என் அண்ணன் வல்லத்தில் வேறொரு கம்பெனியில் பிரஸ் மிஷின் ஓட்டுகிறவன். அவன் தகடு அடிக்கிறவன், இவள் தகட்டைக் கழிக்கிறவள். இரண்டும் வேறு வேறு கம்பெனி என்றாலும் சோற்றுத் தட்டுக்கு முன்னால் இரண்டு பேருக்கும் தினம் ஒரு பஞ்சாயத்து நடக்கும். அதைக் கேட்டுக் கேட்டே எனக்கும் அந்தத் தொழில் பாஷை வந்துவிட்டது. கார் வாங்குகிறவன் கண்ணில் படுவது வெளிப்பக்கம். அதில் ஒரு நகக்கீறல் இருந்தாலும் தகடு ரிஜெக்ட். மூடிக்கொண்டுவிடுகிற பக்கம் உள்பக்கம். அதில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். ரொம்பவே மோசமாக இருந்தால் மேலே கேட்டு, இந்த ஒரு தடவை போகட்டும் என்று அனுமதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். அந்த அனுமதிக்கு டீவியேஷன் என்று பேர். அண்ணன் அதைச் சொல்லித்தான் அவளைச் சீண்டுவான். உள்பக்கம்தானே, விட வேண்டியதுதானே, உனக்கு இன்னா வந்துச்சு என்பான். மாட்டேன் என்பாள் அவள். நாங்கள் சிரிப்போம். அப்போது அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

கட்டியையும் அந்தக் கைதான் கண்டுபிடித்தது. குளிக்கும்போது சோப்புக் கையில் தட்டுப்பட்டதாம். நான் எங்கள் ஊர் மணிமங்கலத்திலேயே அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டு, முன்னறையில் மிஷின் போட்டு பிளவுஸ் தைத்துக்கொண்டிருக்கிறேன். ஈரத்தலையோடு நேரே என்னிடம் வந்தாள். கதவைச் சாத்திவிட்டு, என் விரலைப் பிடித்து இடது மார்பின் அடிப்பக்கத்தில் வைத்து அழுத்தினாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. “நல்லா அமுக்கிப் பாரு. பட்டாணி மாதிரி நவுறாம கீது” என்றாள். அழுத்தியபோது தெரிந்தது. அவள் அழவில்லை. பிள்ளை பிறக்கவில்லையே என்று இத்தனை வருஷமாகக் கோயில் கோயிலாகப் போனோமே, இது வருவதற்கா என்று மட்டும் கேட்டாள்.

பரிசோதனை, ஊசி குத்திச் சதை எடுத்தது, அதன் முடிவு வரும்வரைக்கும் வீட்டில் யாரும் யார் முகத்தையும் பார்க்காமல் சாப்பிட்டது, இதையெல்லாம் எழுதப் போவதில்லை. இந்த நோய் வந்த எல்லா வீட்டிலும் நடப்பதுதான் எங்கள் வீட்டிலும் நடந்தது. ஆனால் அந்த டாக்டரின் அறையில் நடந்ததை எழுதத்தான் வேண்டும். நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. டாக்டருக்கு எதிரே அண்ணன், பக்கத்தில் அண்ணி, ஓரத்து நாற்காலியில் தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு நான். டாக்டர் பொறுமையான மனிதர்தான், அவரைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். கட்டி ஆரம்பத்திலேயே பிடிபட்டுவிட்டது, மார்பை முழுசாக எடுக்க வேண்டியதில்லை, கட்டி இருக்கும் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுத்தால் போதும், முழுசாக எடுப்பதற்கு இது எந்த விதத்திலும் குறைந்ததில்லை என்று சொன்னார். அண்ணன் அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டான்.

டாக்டர் அதோடு நிறுத்தவில்லை. ஒரு வெள்ளைத் தாளில் வட்டம் போட்டுக் காட்டினார். கட்டி மேல்பக்கமோ அக்குள் பக்கமோ இருந்திருந்தால் எடுத்த பள்ளம் அவ்வளவாகத் தெரியாதாம். அடிப்பக்கத்தில் இருப்பதுதான் சங்கடமாம். மார்பும் சிறியது, எடுக்கப் போகிற சதை அதற்குப் பெரியது. அப்படியே எடுத்துத் தைத்துவிட்டால் காம்பு கீழே இழுத்துக்கொள்ளும், கதிர்வீச்சுக்கு அப்புறம் இன்னும் சுருங்கும். வேண்டுமானால் அதே ஆபரேஷனில் பக்கத்துச் சதையை நகர்த்திப் பள்ளத்தை நிரப்பிவிடலாம். அதற்கு இன்னொரு டாக்டர் வர வேண்டும், தேதி கொஞ்சம் தள்ளிப்போகும், அதனால் நோய்க்கு ஒன்றும் ஆகிவிடாது என்றார். இவ்வளவையும் சொல்லிவிட்டு, “என்ன சொல்றீங்க?” என்று அண்ணனைப் பார்த்துக் கேட்டார்.

அண்ணனைப் பார்த்து! மார்பு யாருடையது, கேள்வி யாரிடம்? பக்கத்து நாற்காலியில் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். கழுத்தை ஒரு சாண் திருப்பியிருந்தால் போதும். அத்தனை படித்தவருக்கு அது தோன்றவில்லை. அண்ணனும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. மார்பை எடுக்க வேண்டாம் என்று கேட்ட சந்தோஷத்தில் இருந்தான். வீட்டில் சொல்வது போலவே சிரித்துக்கொண்டு சொன்னான்.

“உள்பக்கம்தானே, சார். யார் பாக்கப்போறா? டீவியேஷன்ல வுட்ரலாம்.”

டாக்டருக்கு அது விளங்கவில்லை. சம்மதம் என்று மட்டும் புரிந்துகொண்டு தலையாட்டிவிட்டு, அந்தத் தாளைக் கசக்கிக் கூடையில் போட்டார். அண்ணிக்கு விளங்கியது. அவள் முகத்தை நான் பார்த்தேன். அடித்திருந்தால்கூட அப்படி ஆகியிருக்காது. வெளியே வந்ததும் வராண்டாவில் அவள் கையைப் பிடித்து நிறுத்தி, உள்ளே போய் நாமே கேட்டுவிட்டு வரலாம் வா என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். உயிர் பிழைத்தால் போதும் என்று வந்த இடத்தில் அழகு கேட்டால் காறித் துப்புவார்கள் என்றாள். வீட்டுக்கு வந்ததும் அம்மாவும் அதையேதான் சொன்னாள், உசுரு பெருசா அது பெருசா என்று. இரண்டையும் சேர்த்துக் கேட்க முடியும் என்றுதான் அந்த டாக்டர் அத்தனை நேரம் படம் போட்டுச் சொன்னார். அதை எடுத்துச் சொல்ல எங்கள் வீட்டில் ஆள் இல்லை. நான் சொன்னபோது, நீ சும்மா இரு என்றார்கள்.

ஆபரேஷன் நடந்தது. எடுத்த சதையின் ஓரத்தில் இன்னும் நோய் இருந்ததென்று மறுபடியும் கூப்பிட்டு இன்னும் கொஞ்சம் வெட்டினார்கள். புண் ஆறியதும் கதிர்வீச்சு. தினம் காலையில் மணிமங்கலத்திலிருந்து அவளைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போவேன். எதிரே கம்பெனி பஸ்கள் வரிசையாக ஒரகடம் பக்கம் போய்க்கொண்டிருக்கும். ஜன்னலோரம் தலை சாய்த்துத் தூங்குகிற பெண்களில் அவளுக்குத் தெரிந்த முகம் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பாள். போகப் போகத் தோல் கறுத்து, அடிமடிப்பில் உரிந்து, ரவிக்கை பட்டாலே எரிந்தது. பருத்தித் துணியை நனைத்து வைப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பாள். பார்க்க வந்தவர்களெல்லாம் ஒரே பாட்டுத்தான் பாடினார்கள். எடுக்காமலே காப்பாற்றிவிட்டார்களே, நீ அதிர்ஷ்டக்காரி என்றார்கள். அண்ணி அவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள்.

நோய் போய்விட்டது. இன்றுவரைக்கும் வரவில்லை, வரவும் வேண்டாம். ஆனால் டாக்டர் தாளில் வரைந்து சொன்னது ஒவ்வொன்றாக நடந்தது. முதல் வருஷம் ஒரு பள்ளம்தான். அடுத்த வருஷம் அந்தப் பள்ளம் மேலே இருந்த சதையையும் இழுத்துக்கொண்டது. காம்பு தரையைப் பார்த்துத் திரும்பியது. தொட்டால் பலகை போல இறுகிவிட்டது. வலது பக்கம் வயசுக்குத் தகுந்தபடி தளர்ந்து இறங்க, இடது பக்கம் மேலேறிச் சுருங்கிக்கொண்டே போனது. அளவெடுத்தவள் நான், எனக்குத்தானே தெரியும். ஒவ்வொரு தீபாவளிக்கும் பழைய அளவு பிளவுஸைக் கொண்டுவந்து இது ஆகாது என்பாள். ஒரே உடம்புக்கு இரண்டு பேரின் அளவில் வெட்டிச் சேர்க்க வேண்டியிருந்தது.

சொந்தத்தில் ஒரு கல்யாணம். ஸ்ரீபெரும்புதூரில் மண்டபம். அதற்காகப் பட்டு பிளவுஸில் இடது பக்கம் மட்டும் பஞ்சை அடுக்கடுக்காக வைத்து, உள்ளே மெல்லிய துணி கொடுத்து, கையாலேயே தைத்தேன். என் தொழிலில் அவ்வளவு கவனமாக நான் எதையும் தைத்ததில்லை. கட்டிக்கொண்டு வந்து நின்றபோது யாராலும் சொல்ல முடியாது. மண்டபத்தில் பெண்கள் சுற்றி நின்று, ஒன்றுமே ஆகாத மாதிரி இருக்கிறாயே என்று கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார்கள். என் அம்மா என்னைத்தான் பெருமையாகப் பார்த்தாள். திரும்பி வந்து என் முன்னறையில் பிளவுஸைக் கழற்றி மடித்துக் கொடுத்தபோது அண்ணி சொன்னாள், “நல்லா தச்சிருக்க. ஊருக்கு ஓகே ஆய்டுச்சி.” சொல்லிவிட்டு அந்தப் பஞ்சு இருந்த இடத்தைக் கட்டைவிரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குத்தான் மனசுவிட்டுப் பேசினாள். ஆபரேஷன் ஆன நாளிலிருந்து அண்ணன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை என்றாள். துணி மாற்றினால் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுகிறான். படுத்தால் சுவரைப் பார்த்துப் படுக்கிறான். கோபம் இல்லை, சண்டை இல்லை, மாத்திரை வாங்கி வருகிறான், மாசாமாசம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறான். அக்கம்பக்கத்தில் அவனைப் போலப் புருஷன் கிடைக்குமா என்கிறார்கள். ஒருநாள் வெட்கத்தை விட்டுக் கேட்டிருக்கிறாள், ஒரு தபா பாருங்கள் என்று. ஷிப்ட் முடிந்து வந்த களைப்பு, அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டானாம். “தொட வேணாம். ஆசையா பேச வேணாம். கண்ணால ஒரு வாட்டி பாத்துட்டா, அதுவும் என் உடம்புதான்னு எனக்குத் தோணும். அதான் கேக்கறேன்” என்றாள். நாள் முழுக்க ஊரான் காருக்குத் தகடு தடவிப் பார்த்துவிட்டு வருகிறவள், தன் வீட்டில் தன்னை ஒருத்தர் பார்க்க வேண்டும் என்று கேட்கிறாள். அதைக்கூடக் கொடுக்க முடியாத என் அண்ணன் மீது அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் எனக்குத் தீரவில்லை.

அவன் அன்று சொன்ன “யார் பாக்கப்போறா” என்பதற்கு அர்த்தம் அவளுக்கு இப்படித்தான் விளங்கியது. ஊர் பார்க்கப் போவதில்லை என்று அவன் சொன்னதாகத்தான் நான் நினைத்தேன். தானும் பார்க்கப் போவதில்லை என்றும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறான். அவனுக்கே அது தெரிந்திருக்காது. தெரியாமல் செய்துவிட்டான் என்று சொன்னால் அவளுக்கு வலிக்காமல் போய்விடுமா என்ன?

பிறகு ஒரு நாள் என்னை அழைத்துக்கொண்டு அவளே போனாள், இதைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்க. இந்தத் தடவை பெண் டாக்டர். பரிசோதித்துவிட்டு, அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். முதல் ஆபரேஷனின்போதே செய்திருந்தால் சுலபமாக முடிந்திருக்கும் என்றார். கதிர்வீச்சு பட்ட சதைக்கு இரத்த ஓட்டம் குறைவு, இப்போது அங்கே கத்தி வைத்தால் புண் ஆறுவது கஷ்டம், முதுகுச் சதையை எடுத்துவந்து வைக்கலாம், ஆனால் அது பெரிய ஆபரேஷன், அப்புறமும் இரண்டு பக்கமும் ஒன்றாகும் என்று சத்தியம் செய்ய முடியாது என்றார். அப்போது உங்களிடம் யாரும் கேட்கவில்லையா என்று கடைசியாகக் கேட்டார். கேட்டாங்க, என்று அண்ணி பதில் சொன்னாள். என்னிடம் கேட்கவில்லை என்று அவள் சொல்லவில்லை. தாம்பரத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

அதற்கடுத்த கோடையில் அண்ணனின் கை பிரஸ்ஸில் மாட்டிக்கொண்டது. வலது கையில் இரண்டு விரல்கள் அடியோடு போய்விட்டன. எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல, தெருவுக்கு ஒருத்தர் இப்படி இருக்கிறார்கள். ஆனாலும் நம் வீட்டுக்கு வரும்போது நெஞ்சு பதறத்தான் செய்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து கட்டோடு வந்தவன் யாருக்கும் கையைக் காட்டாமல் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கட்டுப் பிரிக்க வந்த நர்ஸிடம்கூடத் தலையைத் திருப்பிக்கொண்டான். மறுநாளிலிருந்து நானே கட்டுகிறேன் என்று அண்ணி உட்கார்ந்தாள். பார்க்காதே, அசிங்கமாக இருக்கிறது என்று அவன் கையை இழுத்துக்கொண்டான். நான் ரசம் எடுத்துக்கொண்டு போயிருந்தேன், வாசற்படியில் நின்று பார்த்தேன்.

“காட்டுங்க. நான் பாக்காம யாரு பாப்பாங்க?” என்றாள் அண்ணி.

வெந்நீரில் துணியை நனைத்து, ஒட்டிக்கொண்டிருந்த கட்டை மெதுவாகப் பிரித்தாள். தையல் போட்ட இரண்டு விரல் மொட்டைகளையும் முகத்துக்குப் பக்கத்தில் தூக்கி வைத்துப் பார்த்தாள். சீழ் இருக்கிறதா என்று நிதானமாகத் தொட்டுப் பார்த்தாள். அவள் முகம் மாறவே இல்லை. சோறு பிசைகிற கையைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள். அண்ணன் குலுங்கிக் குலுங்கி அழுதான். புண் ஆறும்வரைக்கும் தினமும் அவள்தான் கட்டினாள். ஊரில் பாதிப் பேர் வந்து அந்தக் கையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நாளாக ஆக அவனே துண்டை விலக்கிக் காட்ட ஆரம்பித்தான். இப்போது டீக்கடையில் அந்தக் கையால்தான் டம்ளரைப் பிடித்துக்கொண்டு மிஷின் கதையைச் சொல்கிறான். கம்பெனியில் வேறு வேலையும் கொடுத்துவிட்டார்கள்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் என் முன்னறைக்கு வந்தான். ரொம்ப நேரம் கத்தரிக்கோலை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தான். பிறகு தானாகவே ஆரம்பித்தான். தன் கையை அவள் பார்த்துக்கொண்டதை நினைத்து நினைத்து உறுத்திக்கொண்டே இருந்ததாம். முந்தின நாள் அவளிடம் போய், அன்னைக்கி நீ கேட்டியே, இப்ப காட்டு, நான் பார்க்கிறேன் என்று சொன்னானாம். அவள் முந்தானையைச் சரியாக இழுத்துச் செருகிக்கொண்டு வேண்டாம் என்றாளாம். ஏன் என்று கேட்டதற்கு அவள் சொன்னதை அவன் அப்படியே திருப்பிச் சொன்னான்.

“‘நானே பாத்துப் பாத்துப் பழகிட்டேன். இப்ப நீங்க புதுசா பாத்துட்டு ஒரு மூஞ்சி காட்டுவீங்க. அந்த மூஞ்சியையும் நான் பாக்கணும். அது என்னால ஆவாது’ன்றா.”

சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. நீ சொன்னால் கேட்பாள், நீ போய்ப் பேசு என்று கெஞ்சினான். என்ன பேச வேண்டும் என்றேன்.

“நான் அப்டியெல்லாம் மூஞ்சி காட்ட மாட்டேன்னு சொல்லு. எப்டி இருந்தாலும் சரி, பாப்பேன்னு சொல்லு” என்றான்.

நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். எப்டி இருந்தாலும் என்று சொன்னபோது அது எப்படி இருக்கும் என்று மனசுக்குள் நினைத்திருப்பான் போலிருக்கிறது. மூக்கின் ஓரம் சுருங்கி, உதடு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. ஒரு கணம்தான். அவனுக்கு அது தெரியவே இல்லை. பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றான்.

பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மறுநாள் அண்ணி பிளவுஸ் அளவு கொடுக்க வந்தாள். அளவெடுத்தேன். அவன் வந்ததைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.